நட்டம் யார் கணக்கில்?

அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



பொது நிதியில் நடக்கும் சேவைகளைப் பற்றி ஆண்டுக்கொருவர் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையின் ஏற்பாடு. ரேஷன், மின்வாரியம், அரசுப் பேருந்து என்று எத்தனையோ இருக்க, நான் ஒரு விமான நிறுவனத்தை எடுத்துக்கொண்டேன். தலைப்பைச் சொன்னதும் அமைப்பாளர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "விமானத்துல போறவனுக்கு எதுக்கு சார் மானியம்?" என்றார். நியாயமான கேள்வி. இந்தப் பேச்சு முழுக்க அவருக்குச் சொல்லும் பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பதிலில் பாதி அவர் பக்கமே சாயும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் பேசப்போகும் நிறுவனம் அலையன்ஸ் ஏர். கம்பெனிப் பதிவேட்டில் ஏர்லைன் அலைடு சர்வீசஸ் லிமிடெட். 1983இல் பதிவு செய்து வைத்தார்கள். விமானம் ஓட்டியது 1996இல்தான். முதலில் இந்தியன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனம். 2007இல் இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் இணைக்கப்பட்டபோது ஏர் இந்தியாவின் துணை நிறுவனம். நடுவில் சில ஆண்டுகள் ஏர் இந்தியா ரீஜனல் என்று பெயர், பிறகு மறுபடி அலையன்ஸ் ஏர். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா குழுமத்திடம் போனது. இது போகவில்லை.

ஏன் போகவில்லை என்று கேட்டால், நட்டத்தில் ஓடியது, அதனால் யாரும் வாங்கவில்லை என்று சொல்லிவிடுவார்கள். ஏர் இந்தியாவும் நட்டத்தில்தான் ஓடியது. அதை வாங்க ஆள் வந்ததே. ஆக, நட்டத்திலும் இரண்டு வகை இருக்கிறது. நிர்வாகம் சரியில்லாததால் வரும் நட்டம் ஒன்று. நிர்வாகம் மாறினால் அது தீரலாம் என்று நம்பி ஒருவர் பணம் போடுவார். போகும் ஊரின் தன்மையாலேயே வரும் நட்டம் இன்னொன்று. அங்கே யார் ஓட்டினாலும் நட்டம்தான். இந்த இரண்டாவது நட்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று நம் நாடு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக முடிவு செய்யவே இல்லை. முடிவு செய்வதற்குப் பதிலாக ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கி, அதன் தலையில் வைத்துவிடுகிறோம்.

முதல் துணை நிறுவனம் வாயுதூத். 1981 ஜனவரியில், இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் கூட்டாகத் தொடங்கியது. வடகிழக்கு மாநிலங்களுக்காக என்றுதான் ஆரம்பம். மலையும் ஆறும் ரயில் பாதையைத் தடுக்கும் ஊர்களுக்குச் சிறிய விமானம் விடுவது நோக்கம். சில ஆண்டுகளில் அது நாடு முழுக்கப் பரவியது. ஒவ்வொரு எம்.பி.க்கும் தன் தொகுதியில் ஒரு விமானம் இறங்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. அதற்கு வாயுதூத் தோதாக அகப்பட்டது. நம் பக்கத்தில் நெய்வேலிக்கும் தஞ்சாவூருக்கும்கூட வந்தது. தஞ்சாவூர் ஓடுபாதையில் இன்று இறங்குவது விமானப்படையின் சுகோய் போர் விமானங்கள். வடகிழக்குக்கு என்று வாங்கிய சுமையோடு ஆசைக்கு ஏற்றிய சுமையும் சேர்ந்து வாயுதூத்தை அழுத்தியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதை இந்தியன் ஏர்லைன்ஸோடு சேர்த்து மூடினார்கள். எந்தத் தடம் கடமை, எந்தத் தடம் ஆசை என்று யாரும் தனித்தனியே கணக்கெழுதி வைக்கவில்லை. அதனால் மூடும்போது இரண்டும் சேர்ந்தே மூடப்பட்டன.

இரண்டாவது அலையன்ஸ் ஏர். இதன் பிறப்புக்குக் காரணமே வேறு. 1953இல் நாட்டுடைமை ஆக்கியதிலிருந்து உள்நாட்டு வானத்தில் தனி ஆட்சி நடத்திய இந்தியன் ஏர்லைன்ஸுக்குத் தொண்ணூறுகளில் போட்டி வந்தது. ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, ஜெட், மோதிலுஃப்ட், நம் சென்னையிலிருந்து என்.ஈ.பி.சி. விமானிகள் அந்தப் பக்கம் போகத் தொடங்கினார்கள். தாய் நிறுவனத்தின் சம்பள ஒப்பந்தங்களுக்கு வெளியே, செலவு குறைவாக ஒரு நிறுவனம் நடத்தலாம் என்ற எண்ணத்தில் அலமாரியில் கிடந்த கம்பெனியைத் தூசி தட்டி எடுத்தார்கள். தாய் நிறுவனம் புதிய ஏர்பஸ்களை வைத்துக்கொண்டு, பழைய போயிங் 737-200 விமானங்களை இதற்குக் கொடுத்தது. ஆகப் பிறந்தபோது இது சிற்றூர் நிறுவனமே அல்ல. செலவைக் குறைக்கச் செய்த ஒரு கணக்கியல் ஏற்பாடு.

2000 ஜூலை 17 அன்று காலை, கொல்கத்தாவிலிருந்து பாட்னா, லக்னோ வழியாக டெல்லி போக வேண்டிய அலையன்ஸ் ஏர் விமானம் பாட்னாவில் தரையிறங்கும் முன் அரசு ஊழியர் குடியிருப்பில் விழுந்தது. விமானத்தில் இருந்த 58 பேரில் 55 பேரும், தரையில் இருந்த 5 பேரும் இறந்தார்கள். தரையிறங்கும் அணுகுமுறையில் விமானிகள் செய்த பிழையே காரணம் என்று விசாரணை முடிவு செய்தது. ஆனால் அந்த விமானம் இருபது ஆண்டு பழையது என்பதும், அக்கா கழித்த உடையைத் தங்கைக்குப் போட்டுவிட்டது போலத் தாய் நிறுவனம் கழித்த விமானம் என்பதும் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டன. அதன் பிறகுதான் ஏடிஆர் வகைச் சிறிய விமானங்கள் குத்தகைக்கு வந்து, அலையன்ஸ் ஏர் இன்று நமக்குத் தெரிந்த முகத்தைப் பெற்றது. வடகிழக்கில் அவற்றை ஓட்ட ஷில்லாங்கில் இருக்கும் வடகிழக்கு மன்றம் சில ஆண்டுகள் பணம் கொடுத்தது. எனக்குத் தெரிந்து இந்தக் கதையில் ஒருவர் "இந்தத் தடத்தில் இவ்வளவு பற்றாக்குறை வரும், அதை நான் தருகிறேன்" என்று முன்வந்து சொன்ன முதல் நேர்மையான ஏற்பாடு அதுதான்.

ஏடிஆர் விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாணவர்கள் பலர் அதில் ஏறியிருக்க மாட்டார்கள். பிரான்சின் துலூஸ் நகரில் பூட்டப்படும் விமானம் அது. இறக்கை மேலே, இரு பக்கமும் ப்ரொப்பெல்லர். பயணிகள் ஏறுவது பின்பக்கக் கதவில். கதவே மடிந்து படிக்கட்டாக இறங்கும். பெட்டிகள் ஏறுவது முன்பக்கம். எல்லோரும் பின்னாலேயே ஏறுவதால் வால் கனத்துத் தரையைத் தொட்டுவிடாமல் இருக்க, விமானம் நின்றதும் ஊழியர் ஒருவர் ஓடிவந்து வாலுக்கு அடியில் ஒரு கம்பு முட்டுக் கொடுப்பார். புறப்படுமுன் அதை எடுத்துவிட வேண்டும். பெரிய ஜெட் விமானங்களில் தரையில் நிற்கும்போது மின்சாரமும் குளிர்காற்றும் கொடுக்க வாலில் தனியாக ஒரு சிறு எஞ்சின் இருக்கும். ஏடிஆரில் அது கிடையாது. எடையும் விலையும் மிச்சம். அதற்குப் பதில், வலப்பக்க எஞ்சினை ஓடவிட்டு, அதன் ப்ரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவைப்பார்கள். எஞ்சின் இரைகிறது, விசிறி சுழலவில்லை. முதன்முறை பார்ப்பவர்களுக்கு வண்டி பழுதோ என்று பயம் வரும். இப்படி ஒவ்வோர் இடத்திலும் எடையையும் காசையும் பிடித்துப் பிடித்துச் செய்த விமானம்.

அப்படியும் கணக்கு ஏன் உதைக்கிறது? ஏடிஆர் 72இல் எழுபது பேர் போகலாம். ஏர்பஸ் 320இல் நூற்றெண்பது பேர். இரண்டுக்கும் இரண்டு விமானிகள்தான். தரைப் பணியாளர், பாதுகாப்புச் சோதனை, சான்றளிக்கும் பொறியாளர் எல்லாம் இரண்டுக்கும் வேண்டும். குத்தகைப் பணம் டாலரில் போகிறது, பயணச்சீட்டுப் பணம் ரூபாயில் வருகிறது. அரசு சில சலுகைகளைக் கொடுத்திருக்கிறது: 80 இருக்கைக்குக் குறைந்த உள்நாட்டு விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணம் இல்லை; சிறிய விமானங்களுக்கான எரிபொருளுக்கு விற்பனை வரி குறைவு. இவை உதவுகின்றன, போதவில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அலையன்ஸ் ஏரின் கையில் இருப்பது ஏறத்தாழ இருபது விமானங்கள். நாட்டின் நான்கு மூலைகளிலும் பரப்பி வைத்திருக்கிறார்கள். ஒன்று பழுதானால் மாற்று விமானம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும். ஒரு தடம் ரத்தானால் அதே விமானம் அடுத்துப் போக வேண்டிய மூன்று தடங்களும் ரத்தாகும். சிற்றூர் விமானத்தை நம்பிப் போக முடியாது என்ற பேச்சு ஊரில் பரவினால், இருக்கிற பயணியும் காரில் போய்விடுவார்.

சிம்லாவைப் பாருங்கள். 2017 ஏப்ரல் 27 அன்று, சிற்றூர் விமானங்களுக்கான உடான் திட்டத்தின் முதல் விமானத்தைப் பிரதமர் அங்கேதான் கொடியசைத்து அனுப்பினார். சிம்லாவிலிருந்து டெல்லி, அலையன்ஸ் ஏரின் ஏடிஆர் 42. ஜுப்பர்ஹட்டி விமான நிலையம் என்பது மலைமுகட்டை வெட்டித் தட்டையாக்கிய இடம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 5,000 அடி. ஓடுபாதை 1,200 மீட்டருக்குச் சற்று மேல். உயரத்தில் காற்று மெலிவு. இறக்கைக்குத் தூக்கும் வலு குறையும். மேலெழும்ப நீண்ட ஓட்டம் வேண்டும். ஓடுவதற்குப் பாதை இல்லை. அப்படியென்றால் எடையைக் குறைப்பதுதான் வழி. டெல்லியிலிருந்து முப்பத்தைந்து பேரோடு வரும் விமானம், திரும்பும்போது பதினைந்து பேரைத்தான் ஏற்றிக்கொள்ள முடிந்தது. மீதி இருக்கைகள் காலியாகப் பறந்தன. ஆள் இல்லாததால் காலி இல்லை. ஆள் இருந்தும் காலி. சந்தைப்படுத்தலில் தீராது, நிர்வாக மேலாண்மைப் படிப்பில் தீராது. மலையைத்தான் இடித்து நீட்ட வேண்டும். நாட்டிலேயே அதிகத் திறமைசாலி ஒருவரைக் கொண்டுவந்து தலைமை அதிகாரியாக உட்காரவைத்தாலும் சிம்லா–டெல்லி பதினைந்து பேர்தான். இதைத்தான் ஊரின் தன்மையால் வரும் நட்டம் என்று சொன்னேன்.

உடான் இந்த நட்டத்துக்கு ஒரு கணக்குத் தலைப்பை உருவாக்கியது என்பதை நான் மனமுவந்து பாராட்டுகிறேன். தொடங்கியபோது ஏற்பாடு இப்படி. ஒரு மணி நேரப் பயணத்துக்கு, பாதி இருக்கைகளுக்கு, 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. அதனால் வரும் பற்றாக்குறைக்கு ஏலம் விட்டு, யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்குத் தடம். பணம் எங்கிருந்து? சென்னை–டெல்லி, மும்பை–பெங்களூரு போன்ற பெரிய தடங்களில் புறப்படும் விமானங்களுக்கு ஒரு தீர்வை விதித்து அதிலிருந்து பெரும்பகுதி. மாநில அரசு 20 விழுக்காடு, வடகிழக்கு மாநிலமானால் 10. அதாவது சென்னையிலிருந்து டெல்லி போகிறவர் கொடுக்கும் காசில் ஒரு துளி சிம்லா போகிறவருக்குப் போகிறது. வெளிப்படையாக, ஏட்டில் எழுதி.

இதற்கு முன்பும் இந்த நோக்கம் இருந்தது, ஆனால் மறைமுகமாக. 1994இல் வந்த தட ஒதுக்கீட்டு விதிகளின்படி, பெரிய தடங்களில் ஓட்டும் ஒவ்வொரு நிறுவனமும் அதில் பத்து விழுக்காடு அளவுக்காவது வடகிழக்கு, ஜம்மு காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவு ஆகிய இடங்களுக்கு ஓட்ட வேண்டும். நிறுவனங்கள் என்ன செய்தன? குவாஹாட்டிக்கும் ஸ்ரீநகருக்கும் போர்ட் பிளேருக்கும் பெரிய ஜெட்டை அனுப்பி எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டன. அந்த ஊர்களுக்கு விதி இல்லாவிட்டாலும் கூட்டம் உண்டு. உள்ளே இருக்கும் சிற்றூர்களுக்கும் லட்சத்தீவின் அகத்திக்கும் போக ஆள் இல்லை. அது அலையன்ஸ் ஏரின் பாடு.

ஆனால் உடான் பணம் ஒரு தடத்துக்கு மூன்று ஆண்டுதான். அதற்குள் அந்தத் தடம் சொந்தக் காலில் நின்றுவிடும் என்பது அதன் அனுமானம். 2023இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தந்த அறிக்கையைப் படித்தால் அந்த அனுமானம் என்ன ஆனது என்று தெரியும். உடான் மூன்றாம் சுற்று வரை ஒதுக்கிய 774 தடங்களில் 403 தடங்கள் தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று ஆண்டை முழுதாக ஓட்டியவை 112. மானியம் நின்ற பிறகும், 2023 மார்ச் நிலவரப்படி, தொடர்ந்து ஓடியவை 54. இந்த எண்களை வைத்து உடான் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அந்த 54 தடங்களுக்கு மூன்றாண்டு மானியம் சரியான மருந்து. கூட்டம் சேர நாள் பிடித்தது, சேர்ந்தது, நின்றுகொண்டன. சிம்லாவும் அகத்தியும் வேறு ஜாதி. அவற்றுக்கு மூன்று ஆண்டு என்பது எந்தக் கணக்கிலும் வராத எண். மலைக்கு வயது ஏறினால் ஓடுபாதை நீளுமா?

இங்கே சேலத்துக்காரர்கள் இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். காமலாபுரம் விமான நிலையத்துக்கு 2018இல் உடானில் ட்ரூஜெட் வந்தது, பிறகு நிறுவனமே நின்றுபோனது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூரு–சேலம்–கொச்சி ஓட்டத் தொடங்கியது, பின்னாலேயே இண்டிகோவும் வந்தது. நல்லதுதான். ஆனால் நான்கு வழிச் சாலையும் பகல் முழுக்க ரயிலும் இருக்கும் சேலத்துக்குப் பொதுப் பணத்தில் விமானம் விடுவது, அமைப்பாளர் கேட்ட கேள்விக்கு முன் நிற்காது. தொழில் ஊர், கூட்டம் இருந்தால் தனியார் வருவார்கள். வராவிட்டால் அந்த ஊருக்கு இப்போதைக்கு விமானம் தேவையில்லை என்று அர்த்தம். அகத்தி அப்படியல்ல. கொச்சியிலிருந்து கப்பலில் ஓர் இரவுக்குக் குறையாமல் ஆகும். தென்மேற்குப் பருவத்தில் கடல் விட்டால்தான். அங்குள்ள ஓடுபாதை தீவின் ஒரு நுனியிலிருந்து நீண்டு கடலில் முடிகிறது. 1,200 மீட்டர் சொச்சம். அதற்கு மேல் நீட்ட நிலமே இல்லை, கடலைத் தூர்க்க வேண்டும். 1988இல் வாயுதூத் காலத்தில் திறந்த ஓடுபாதை அது. அதன் பிறகு பல ஆண்டுகள் தீவுக்காரர்களுக்கு விமானம் என்றால் அரசு விமானம் ஒன்றுதான். பிரசவச் சிக்கலோ இதய நோயோ பார்க்கக் கொச்சிக்குப் போகிறவர் அதில்தான் போனார். அவருக்குக் கொடுப்பதை மானியம் என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படவில்லை. சமவெளியில் சாலை போடுகிறோம், சாலைக்கு மானியம் என்றா சொல்கிறோம்?

இப்போது 2022க்கு வருவோம். ஏர் இந்தியாவுக்கு உண்மையில் இரண்டு துணை விமான நிறுவனங்கள் இருந்தன. மற்றொன்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். 2005 ஏப்ரலில் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குப் பறந்து தொடங்கியது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் மலையாளிகளையும், பிறகு திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகும் நம் ஆட்களையும் நம்பிய நிறுவனம். அந்தப் பயணிக்கு நல்ல சாப்பாடு வேண்டாம், ஊருக்கு நேரே போகும் விமானம் வேண்டும், பெட்டிக்கு இடம் வேண்டும். வருடம் முழுக்கக் கூட்டம். அரசு நிறுவனமாக இருந்தபோதே லாபம் பார்த்தது. டாடா கொடுத்த ஏலத்தொகை 18,000 கோடி ரூபாய். அதில் 15,300 கோடி கடனை ஏற்பது, 2,700 கோடி ரொக்கம். அந்தத் தொகைக்கு ஏர் இந்தியாவும், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும், தரைப் பணி நிறுவனம் ஒன்றில் பாதிப் பங்கும் போயின. அலையன்ஸ் ஏரை அதற்கு முன்பே பிரித்து, ஏ.ஐ. அசெட்ஸ் ஹோல்டிங் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வைத்துவிட்டார்கள். அங்கே அதற்குத் துணை யார் தெரியுமா? விமானப் பழுதுபார்க்கும் நிறுவனம், தரைப் பணி நிறுவனம், ஓட்டல் நிறுவனம், விற்க வேண்டிய கட்டடங்கள், டாடா ஏற்காத கடன்.

வாங்கியவரை நான் குறை சொல்லவில்லை. வியாபாரி வியாபாரத்துக்கு உரியதை வாங்கினார். அரசையும் இந்த ஒரு விஷயத்தில் குறை சொல்லமாட்டேன். கடமையை விற்கவில்லை அல்லவா, வைத்துக்கொண்டது. என் வருத்தம், வைத்துக்கொண்டதைக் கடமை என்று ஏற்று வைத்துக்கொள்ளவில்லை என்பது. விற்பனைக்குக் காத்திருக்கும் சொத்துகளின் பட்டியலில் வைத்தது.

தாய் நிறுவனம் போனதும் என்ன ஆகும் என்பதும் கவனிக்க வேண்டியது. 2022 ஏப்ரல் 15 முதல் அலையன்ஸ் ஏர் தன் சொந்தக் குறியீட்டில், தன் பயணச்சீட்டைத் தானே விற்று ஓடத் தொடங்கியது. அதற்கு முன் ஏர் இந்தியாவின் குறியீட்டில் ஓடியது. இது வெறும் எழுத்து மாற்றம் அல்ல. உலகம் முழுக்கப் பெரிய விமான நிறுவனங்கள் சிறிய துணை நிறுவனம் வைத்திருப்பதற்கு முக்கியமான ஒரு வணிகக் காரணம் உண்டு: சிற்றூரிலிருந்து ஆளைக் கொண்டுவந்து பெரிய விமானத்தில் ஏற்றுவது. லண்டனிலிருந்து வருகிறவர் டெல்லியில் இறங்கி அதே சீட்டில் குல்லுவுக்குப் போவார். குல்லு விமானத்தில் நட்டம் வந்தாலும் லண்டன் விமானத்தில் அந்த ஆள் கொடுத்த காசு ஈடுகட்டிவிடும். தாயின் கணக்கில் இந்த ஈடு தெரியும்; மகளின் கணக்கில் தெரியாது. பிரித்ததும் அந்த ஈடு தாயோடு போய்விட்டது, நட்டம் மட்டும் மகளிடம் தங்கிவிட்டது. அதே ஏப்ரலில்தான் அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலத்தின் பாசிகாட்டுக்கு, ஹெச்.ஏ.எல். கட்டிய பதினேழு இருக்கை டோர்னியர் விமானத்தை அலையன்ஸ் ஏர் ஓட்டத் தொடங்கியது. முதல் உள்நாட்டுத் தயாரிப்புப் பயணிகள் விமானம் என்று செய்தி வந்தது. கான்பூரில் கட்டிய ஆவ்ரோக்களை இந்தியன் ஏர்லைன்ஸ் அறுபதுகளின் பிற்பகுதியிலேயே ஓட்டியதை யாரும் நினைவுபடுத்தவில்லை. போகட்டும், பாசிகாட்டுக்கு விமானம் வந்ததே.

வேறு நாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். மலேசியாவை மட்டும் சொல்கிறேன். சபா, சரவாக் காடுகளுக்குள் பாரியோ, லோங் அகா என்று ஊர்கள். 2006இல் அந்தத் தடங்களை ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்குச் சற்று மேல் தாங்கியது. 2007 அக்டோபரில் மலேசியா ஏர்லைன்ஸ் மாஸ்விங்ஸ் என்ற துணை நிறுவனத்தைத் தொடங்கி எடுத்துக்கொண்டது. ஆனால் ஊரகத் தடங்கள் என்று அரசோடு ஒப்பந்தம், அதற்கு அரசுப் பணம். பத்தொன்பது இருக்கை ட்வின் ஆட்டரில் ஏறுமுன் பெட்டியோடு ஆளையும் தராசில் நிறுத்திப் பார்ப்பார்கள். மலை ஓடுபாதைக்கு அவ்வளவு கணக்கு. 2025இல் மாஸ்விங்ஸை வாங்க ஒப்பந்தம் போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? சரவாக் மாநில அரசு. யாருடைய மக்கள் ஏறுகிறார்களோ அவர்களின் அரசு, நட்டம் தெரிந்தே வாங்கியது. நம் மாநிலங்கள் எதுவும் அப்படி முன்வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கடைசியாக யாழ்ப்பாணம். நமக்கு மிக அருகில் இருப்பதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன்.

யாழ்ப்பாணத்தின் பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டது. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானம் ரத்மலானையில் புறப்பட்டு அங்குள்ள காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. இலங்கையின் முதல் தேசிய விமான நிறுவனத்தின் முதல் பயணத்திலேயே யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் தொடர்பு இருந்தது. பிறகு இலங்கையின் உள்நாட்டுப் போர். இந்தப் பக்கம் வருகிற வான்வழி அடைபட்டது. போர் முடிந்து பத்து ஆண்டு ஆகியும் யாழ்ப்பாணத்துக்காரர் சென்னைக்கு வர வேண்டுமானால், தெற்கே கொழும்புக்கு 400 கிலோமீட்டர் பேருந்திலோ வேனிலோ இரவெல்லாம் போய், கட்டுநாயக்காவில் விமானம் ஏறி, மறுபடி வடக்கே தன் வீட்டுப் பக்கமாகவே பறந்து வர வேண்டும். சென்னையில் வைத்தியம் பார்க்க வரும் வயதான அம்மாவை இப்படி அழைத்துவருவதை நினைத்துப் பாருங்கள்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வந்து இறங்கியது அலையன்ஸ் ஏரின் ஏடிஆர். நவம்பர் 11 முதல் பயணிகள் சேவை. ஓடுபாதை குறுகியது என்பதால் பெரிய ஜெட் இறங்க வழியில்லை, ப்ரொப்பெல்லர் விமானம்தான். ஐந்து மாதம்கூட ஓடவில்லை, கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி தொடங்கினார்கள். அதுவும் இலங்கையின் பொருளாதாரம் விழுந்து கிடந்த ஆண்டில். கூட்டம் வருமா, கட்டணம் கட்டுமா என்று எந்தத் தனியார் நிறுவனமும் யோசித்திருக்கும் நேரம். அலையன்ஸ் ஏர் ஓட்டிக் காட்டியது. கூட்டம் வந்தது. கல்யாணத்துக்கு வந்தார்கள், சிதம்பரம் பார்க்க வந்தார்கள், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தவர்கள் சென்னை வழியாக நேரே ஊருக்குப் போனார்கள். 2024 செப்டம்பரில் இண்டிகோவும் அதே தடத்துக்கு ஏடிஆரோடு வந்தது. 2025இல் திருச்சியிலிருந்தும் தொடங்கியது.

பார்த்தீர்களா, யாரும் போகத் தயங்கிய தடத்தை அரசு நிறுவனம் தன் நட்டத்தில் திறந்தது. வழி உண்டு என்று தெரிந்ததும் தனியார் வந்தார். இது நடக்க வேண்டிய முறைதான். எனக்கு இதில் மாற்றுக் கருத்து இல்லை. தடம் திறந்தவருக்கு அந்தச் செலவை யார் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. 2019இல் அந்த விமானத்தை இயக்கச் சொன்னது வணிகக் கணக்கு அல்ல, இரண்டு அரசுகளின் உறவு. ஆனால் ஆண்டறிக்கையில் அது ஒரு சிறிய நிறுவனத்தின் நட்டமாக மட்டும் உட்காரும். அந்த நட்டத்தைப் பார்த்து இன்னொரு அதிகாரி, நிறுவனம் திறமையற்றது, விற்றுவிடலாம் என்று குறிப்பு எழுதுவார்.

ஆகவே நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் அல்ல. அலையன்ஸ் ஏரை அரசு வைத்துக்கொள்ளட்டும், விற்கட்டும். அதைப் பற்றி இன்று நான் பேசவில்லை. விற்றாலும் வைத்தாலும் அதன் ஆண்டறிக்கையில் தடவாரியாக ஒரு பட்டியல் வர வேண்டும். ஒவ்வொரு தடத்துக்கும் எதிரே, அது வியாபாரமா, மூன்றாண்டு முயற்சியா, நிரந்தரக் கடமையா என்று எழுத வேண்டும். கடமை என்று எழுதிய தடத்துக்கு, அதைக் கேட்ட அமைச்சகம் எதுவோ அந்த அமைச்சகத்தின் பெயரும் தொகையும் வேண்டும். அகத்தி உள்துறைக் கணக்கில் வரட்டும். லட்சத்தீவு அவர்கள் பொறுப்பில்தானே இருக்கிறது. பாசிகாட்டை வடகிழக்கு வளர்ச்சித் துறை ஏற்கட்டும். சேலத்துக்கு எதிரே ஒன்றும் வேண்டாம். சென்னை–யாழ்ப்பாணத்தின் முதல் ஆண்டுகளின் நட்டத்தை வெளியுறவு அமைச்சகத்தின் செலவில் எழுத வேண்டும். தூதரகம் நடத்துவதை அப்படித்தான் எழுதுகிறோம், அதை யாரும் நட்டம் என்று சொல்வதில்லை.